வலைக்கும் கூண்டுக்கும் நடுவே



ஆராய்ச்சிக்காகக் காட்டுக் குரங்குகளைப் பிடிப்பது முறையா, அது பாதுகாப்பானதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இரண்டு கேள்விகள் போலத் தோன்றும். முறையா என்ற கேள்வியை விலங்குகள் மீது அன்பு கொண்டவர்களிடம் விட்டுவிடுகிறோம். பாதுகாப்பானதா என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்தை நடத்துபவர்களிடம் விட்டுவிடுகிறோம். முதலாமவர் குரங்கின் வலியைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் கையுறையையும் முகக்கவசத்தையும் பற்றிப் பேசுகிறார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது அரிது. ஆனால் கடந்த தொண்ணூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்த இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று தெரிகிறது. காட்டில் வலை விழும் நேரத்துக்கும் ஆய்வுக்கூடத்தில் கூண்டு சாத்தப்படும் நேரத்துக்கும் நடுவே சில நாட்கள், சில வாரங்கள் இருக்கின்றன. குரங்குக்குக் கொடுமை நேர்வதும் அந்த நாட்களில்தான். மனிதனுக்கு ஆபத்து கருக்கொள்வதும் அந்த நாட்களில்தான். அந்த நாட்களைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950களில் உலகத்தையே அச்சுறுத்திய நோய் போலியோ. குழந்தைகளின் கால்களை முடக்கியது. மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்து உயிரையும் பறித்தது. ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசியை 1954-இல் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற கள ஆய்வில் சோதித்தார்கள். மறு ஆண்டே அதற்கு உரிமம் கிடைத்தது. அந்தத் தடுப்பூசிக்கான வைரஸை வளர்க்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த திசுக்கள் தேவைப்பட்டன. குரங்குக்கு எங்கே போவது? வட இந்தியாவுக்கு வந்தார்கள். கோயில்களிலும் சாலையோர மரங்களிலும் ஊர் விளிம்புகளிலும் வாழ்ந்த செம்முகக் குரங்குகளை வலைவீசிப் பிடித்து, மூங்கில் கூண்டுகளில் அடைத்து, விமானத்தில் ஏற்றினார்கள். 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் நம் நாட்டை விட்டுப் போயின. ஒரு லட்சம்! ஓர் ஆண்டில் மட்டும்!

அந்தப் பயணம் எப்படிப்பட்டது? 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் மூடிய வண்டி ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த 394 இந்தியக் குரங்குகள் மூச்சுத் திணறி இறந்தன. செய்தி வெளியானதும் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கும் போலியோ தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு சில வாரங்களிலேயே மறுபடி கதவைத் திறந்தது. அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது அந்த 394 உயிர்களை மட்டும் நினைவில் வையுங்கள். அவை எந்தச் சோதனையிலும் சாகவில்லை. எந்த மருந்தும் அவற்றின் உடலில் ஏறவில்லை. எந்தக் குழந்தைக்கும் அவற்றால் ஒரு சொட்டுத் தடுப்பூசி கிடைக்கவில்லை. காட்டிலிருந்து பிடிக்கும் முறையில், அறிவுக்கு எந்தப் பயனும் தராமல் வழியிலேயே போகும் உயிர்கள் எப்போதும் உண்டு. எந்த ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையிலும் அவை இடம்பெறுவதில்லை.

பிடிபட்ட குரங்கைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். செம்முகக் குரங்கும் அதன் நெருங்கிய உறவினங்களும் தாய்வழிக் குடும்பங்களாக வாழ்பவை. கடுவன்கள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும். மந்திகளோ பிறந்த கூட்டத்திலேயே பாட்டியோடும் தாயோடும் தங்கைகளோடும் கடைசிவரை இருக்கும். யாருக்குப் பின்னால் யார் உண்பது, எந்தக் குட்டிக்கு யார் துணை, எந்தப் பருவத்தில் எந்த மரம் காய்க்கும் என்பதெல்லாம் அந்த உறவுக்குள்தான் கைமாறுகிறது. சந்தைக்கோ இளம் குரங்குகளே தேவைப்பட்டன. எடை குறைவு, ஏற்றுவது எளிது, திசு நன்றாக வளரும். சார்லஸ் சவுத்விக் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அலிகார் பல்கலைக்கழக அறிஞர்களோடு சேர்ந்து 1959 முதல் உத்தரப் பிரதேசத்தில் குரங்குகளைக் கணக்கெடுத்தார். பல கூட்டங்களில் இளம் குரங்குகள் இருக்க வேண்டிய அளவில் இல்லை. குட்டிகள் இருந்தன, முதிர்ந்தவை இருந்தன, நடுவில் ஒரு தலைமுறையைக் காணவில்லை. ஊரில் வாலிபர்களே இல்லாமல் போனால் அந்த ஊரின் எதிர்காலம் என்னவாகும்? அதுதான் அந்தக் கூட்டங்களுக்கும் நேர்ந்தது.

இது அறத்தின் பக்கம். இனி பாதுகாப்பின் பக்கம் போவோம். போகும் வழியிலேயே இரண்டும் ஒன்றாகக் கலப்பதைப் பார்ப்பீர்கள்.

1932-இல் நியூயார்க்கில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவரை ஆய்வுக்கூடக் குரங்கு ஒன்று கடித்தது. சிறு காயம்தான். சில நாட்களில் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு அவர் இறந்தார். அவருடைய உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸுக்கு அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு ‘பி வைரஸ்’ என்று பெயரிட்டார்கள். நம் உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்தது அது. குரங்குக்கு அது பெரிய தீங்கு செய்வதில்லை. சிகிச்சை கிடைக்காத மனிதர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிடுகிறது. 1997-இல் அமெரிக்காவில் ஒரு குரங்கு ஆய்வு மையத்தில் 22 வயது உதவியாளர் ஒருவரின் கண்ணில் குரங்கின் உடல் திரவம் தெறித்தது, அவரும் இறந்தார். 2021-இல் சீனாவில் குரங்குகளுக்கு உடற்கூறாய்வு செய்த கால்நடை மருத்துவர் ஒருவர் இதே வைரஸால் இறந்தார்.

இந்த வைரஸின் இயல்பைக் கவனியுங்கள். ஒருமுறை நுழைந்தால் அது குரங்கின் நரம்பில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். எப்போது விழிக்கும்? அச்சத்தில் விழிக்கும். நெரிசலில் விழிக்கும். பயணத்தில் விழிக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து எச்சிலில் கலந்து வெளியே வரும். தன் கூட்டத்தோடு மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் குரங்கிடமிருந்து வைரஸ் வெளிவருவது அரிது. அதே குரங்கைப் பிடித்து, தாயிடமிருந்து பிரித்து, அறிமுகமில்லாத குரங்குகளோடு ஒரே கூண்டில் அடைத்து, லாரியிலும் விமானத்திலும் ஏற்றினால், வைரஸ் வெளிவரும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் குரங்கு கடிக்கும் வாய்ப்பும் கூடவே கூடுகிறது. இதைக் கருணையின் மொழியில் சொன்னால் துன்பம் என்போம். மருத்துவத்தின் மொழியில் சொன்னால் தொற்று அபாயம் என்போம். நடப்பது ஒன்றுதான்.

காசநோயும் அப்படித்தான். மனிதரை விட்டு விலகி வாழும் குரங்குகளிடம் அது அரிது. பிடித்தவரிடமிருந்தும் அடைத்துவைத்தவரிடமிருந்தும் குரங்குக்குத் தொற்றி, கூண்டுக்குக் கூண்டு பரவி, பிறகு ஆய்வுக்கூடப் பணியாளரிடமே திரும்பி வரக்கூடியது. 1938-இல் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் என்பவர் இந்தியாவிலிருந்து 409 செம்முகக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் பியூர்ட்டோ ரிக்கோவின் காயோ சாந்தியாகோ தீவில் விட்டார். நோயற்ற குரங்குகள் ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் நோக்கங்களில் ஒன்று. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கின்றன. பிடித்துக் கொண்டுவரும் குரங்கை நம்ப முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து 1967-க்கு வாருங்கள். ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மார்பர்க், ஃபிராங்ஃபர்ட் நகரங்கள்; யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட். மூன்று இடங்களிலும் தடுப்பூசிப் பணிக்காக உகாண்டாவிலிருந்து ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகள் வந்திறங்கியிருந்தன. அவற்றின் சிறுநீரகத்தை எடுத்தவர்கள், இரத்தத்தைத் தொட்டவர்கள், கருவிகளைக் கழுவியவர்கள் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள், இரத்தம் கசிந்தது. 31 பேருக்கு நோய். 7 பேர் மரணம். மருத்துவ உலகம் அதுவரை பார்த்திராத ஒரு வைரஸ் அது. இன்று மார்பர்க் வைரஸ் என்கிறோம். ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த ஒன்றுக்கு ஐரோப்பிய நகரத்தின் பெயர் வந்ததற்குக் காரணம், நோய் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான் என்பதே. அந்தக் குரங்குகளை முதலில் வெறுங்கையால் பிடித்தவர்கள் யார்? அவர்களில் யாருக்கேனும் காய்ச்சல் வந்ததா? பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பணியாளரின் அங்கியையும் அறையின் காற்றழுத்தத்தையும் அளக்கிறோம். வலையைப் பிடித்த ஏழையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆய்வுக்கூடத்துக்கு உள்ளேயே அபாயம் நின்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1960-இல் செம்முகக் குரங்குகளின் சிறுநீரகத் திசுவில் எஸ்.வி.40 என்ற வைரஸ் இருப்பது தெரியவந்தது. போலியோ வைரஸைக் கொல்ல ஃபார்மலின் சேர்ப்பார்கள்; ஃபார்மலினுக்கு எஸ்.வி.40 முழுமையாகச் சாகவில்லை. 1955-க்கும் 1963-க்கும் இடையே தடுப்பூசி போட்டுக்கொண்ட கோடிக்கணக்கானவர்களில் ஒரு பகுதியினரின் உடலுக்குள் குரங்கின் வைரஸும் சேர்ந்தே போயிற்று. இங்கே நியாயமாகப் பேச வேண்டும். அந்த வைரஸால் மனிதருக்குப் புற்றுநோய் வந்தது என்று நிறுவப்படவில்லை. போலியோ தடுப்பூசி காப்பாற்றிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அந்த ஐயம் சிறியது; தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் இந்தச் செய்தியைத் திரித்துப் பரப்புவதை நான் வன்மையாக மறுக்கிறேன். ஆனாலும் எச்சரிக்கை தெளிவானது. காட்டுக் குரங்கின் உடலில் என்ன இருக்கிறது என்பது தேடத் தெரிந்ததைத் தேடும்போதுதான் தெரியும். தேடத் தெரியாததை எந்தச் சோதனையும் காட்டாது.

இப்போது எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவை வலுவானவை, ஒதுக்கித் தள்ளத் தக்கவை அல்ல.

முதல் வாதம்: குரங்குகள் இல்லாமல் போலியோ ஒழிந்திருக்குமா? ஒரு குழந்தையின் காலைவிடக் குரங்கு பெரிதா? இந்தக் கேள்வியைக் கேட்பவரின் மனத்தில் இருப்பதும் கருணையே. அதனால் அதற்கு வரலாற்றிலிருந்தே விடை சொல்கிறேன். 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வீரோ என்ற உயிரணு வரிசையை உருவாக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் மேலும் மேலும் பெருகக்கூடியது அது. அதே காலத்தில் லியோனார்ட் ஹேஃபிளிக் மனித உயிரணுக்களைக் கொண்டு வேறொரு வரிசையை உருவாக்கினார். குரங்குத் திசுவின் மாசு பற்றிய கவலையும் இந்த மாற்றத்தை முன்தள்ளியது. 1980களில் வீரோ உயிரணுக்களில் போலியோ தடுப்பூசி தயாரானது. ஒரு குரங்கு, லட்சம் குரங்குகளுக்கு ஈடாயிற்று! மருத்துவத்தின் வேகம் தளரவில்லை. வழி மட்டும் மாறியது. அறிவு 1962-இல் கிடைத்தும் இருபது ஆண்டு ஏன் காத்திருந்தோம்? குரங்கு மலிவாகக் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் முடிவு. மலிவாகக் கிடைக்கும் உயிர், மாற்று வழியைத் தேடும் முனைப்பை மழுங்கடிக்கிறது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. முன்பு சொன்ன உறுதிமொழி நினைவிருக்கிறதா? மருத்துவத்துக்கு மட்டுமே என்று வாங்கிப்போன செம்முகக் குரங்குகளை அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சாகும் தறுவாயிலும் ஓடுபட்டையில் ஓடவைத்த செய்தி 1977-இல் வெளிவந்தது. ஷெர்லி மெக்ரீல் என்ற பெண்மணியும் அவருடைய அமைப்பும் அதை உலகறியச் செய்தார்கள். மொரார்ஜி தேசாய் தலைமையிலான அரசு ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. 1978 ஏப்ரல் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மருத்துவ ஆய்வு அதோடு நின்றுபோயிற்றா? நிற்கவில்லை. தங்கள் நாட்டிலேயே குரங்குகளை இனப்பெருக்கம் செய்யும் திட்டங்களை விரிவாக்கினார்கள். முடியாது என்று சொல்லப்பட்டது, கதவு சாத்தப்பட்டதும் முடிந்தது.

இரண்டாவது வாதம் இன்னும் அண்மையானது; நம்மை நேரடியாகத் தொடுவது. 2020-இல் கொரோனா பரவியபோது என்ன செய்திருக்க வேண்டும்? கோவாக்சின் தடுப்பூசியை மனிதருக்குப் போடுமுன் குரங்குகளில் சோதிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த தகுதியான இளம் குரங்குகள் கைவசம் இல்லை. பல இடங்களில் கேட்டும் கிடைக்காமல், ஊரடங்குக்கு நடுவே மகாராஷ்டிர வனத்துறையின் உதவியோடு தேடி, நாக்பூர்ப் பகுதியிலிருந்து 20 செம்முகக் குரங்குகளைப் பிடித்துப் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அறிவியலாளர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் செய்ததை அந்த நேரத்தில் யாரும் செய்திருப்பார்கள். என் கேள்வி 2020-ஐ நோக்கியது அன்று, அதற்கு முந்தைய 42 ஆண்டுகளை நோக்கியது. 1978-இல் ஏற்றுமதியைத் தடை செய்த நாடு, தனக்கென நோயற்ற, வரலாறு தெரிந்த ஒரு குரங்குக் கூட்டத்தை ஏன் பேணி வைக்கவில்லை? பெருந்தொற்று வரும் என்பது நிபுணர்களுக்குத் தெரியாத செய்தியா? நெருக்கடி நேரத்தில் காட்டுக்கு ஓடுவது, நெருக்கடி இல்லாத நேரத்தில் கடமையைச் செய்யாததன் விளைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வின்போது குரங்கிடமிருந்து மனிதரைக் காப்பது மட்டும் போதவில்லை, பராமரிப்பாளர்களிடமிருந்து குரங்குகளுக்குக் கொரோனா தொற்றிவிடாமல் காக்கவும் வேண்டியிருந்தது. கோவாக்சினில் உள்ள வைரஸை வளர்த்தது எதில் தெரியுமா? அதே வீரோ உயிரணுக்களில்!

மூன்றாவது வாதத்தை ஊர் மக்களிடம் அடிக்கடி கேட்கலாம். தோட்டத்தை அழிக்கின்றன, ஓட்டைப் பிரிக்கின்றன, இவற்றைப் பிடித்து ஆய்வுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் லாபந்தானே? விவசாயியின் இழப்பு உண்மையானது. அதை ஏளனம் செய்பவர் அந்த நிலத்தில் ஒரு பருவம் பாடுபட்டுப் பார்க்க வேண்டும். 2023-இல் இலங்கையின் விவசாய அமைச்சர், பயிர்ச் சேதத்தைக் காரணமாகச் சொல்லி, அந்தத் தீவுக்கே உரிய ரிலவா குரங்குகளில் ஒரு லட்சத்தைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி அறிவித்தார். உயிரியல் பூங்காக்களுக்கு என்று சொல்லப்பட்டது. அழியும் அபாயத்தில் உள்ள இனம் அது. ஒரு லட்சம் குரங்குகளை எந்தப் பூங்கா கேட்கும், இவை ஆய்வுக்கூடத்துக்கே போகும் என்று சூழலியலாளர்கள் ஐயம் எழுப்பி நீதிமன்றம் சென்றார்கள். அனுப்பும் எண்ணம் இல்லை என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் அந்த யோசனையின் அடிப்படைப் பிழையைப் பாருங்கள். ஊரை ஒட்டி, குப்பையில் மேய்ந்து, மனிதரோடு நெருங்கி வாழும் குரங்குதான் மனித நோய்களை அதிகம் சுமக்கக்கூடியது. ஆய்வுக்கு மிகவும் தகுதியற்ற குரங்கு அதுதான். ஒரு கூட்டத்திலிருந்து சிலவற்றை மட்டும் பிடித்தால் எஞ்சியவை சிதறிப் புதிய தோட்டங்களைத் தேடும். விவசாயிக்கு வேண்டியது இழப்பீடும், குப்பை மேலாண்மையும், கருத்தடைத் திட்டமும். அவருடைய துயரத்தைக் காட்டி வியாபாரத்துக்குக் கதவு திறக்கக் கூடாது.

நான்காவது வாதம்தான் மிக நுட்பமானது. பண்ணையில் வளர்க்கலாமே, காட்டைத் தொடவே வேண்டாமே என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்; ஆனால் பண்ணை என்ற பெயர்ப்பலகை போதாது. தென்கிழக்காசியாவின் நீளவால் குரங்கு, உலகில் ஆய்வுக்கு மிக அதிகமாக விற்கப்படும் குரங்கு. 2020-இல் சீனா ஏற்றுமதியை நிறுத்தியதும் கம்போடியா முக்கிய மூலமாயிற்று, விலை பல மடங்கு ஏறியது. 2022-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனத்தை அருகிவரும் இனமாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், காட்டில் பிடித்த குரங்குகளைப் பண்ணையில் பிறந்தவை என்று சான்று கொடுத்து அனுப்பியதாகக் கம்போடிய அதிகாரிகள் உட்பட எட்டுப் பேர் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் விசாரணைக்கு நின்ற ஓர் அதிகாரியை 2024-இல் நீதிமன்றம் விடுவித்தது. அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. தனி மனிதரின் குற்றம் நிறுவப்படாவிட்டாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது: காகிதத்தில் உள்ள பிறப்புச் சான்றை எதைக் கொண்டு நம்புவது? 2021-இல் கம்போடியாவிலிருந்து அமெரிக்கா போன குரங்குகளிடம் மெலியோய்டோசிஸ் என்ற மண்வழி நோயின் கிருமி கண்டறியப்பட்டது. காகிதம் சொல்லாததைக் கிருமி சொல்லிவிட்டது. தாய் எது, குட்டி எது என்று மரபணுச் சோதனையால் இன்று உறுதி செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல், அடைப்பில் பிறந்த பெற்றோருக்குப் பிறந்த குரங்குகளை மட்டுமே ஆய்வுக்கு ஏற்கிறது. இரண்டாவது தலைமுறை என்ற இந்த வரம்பு, காட்டிலிருந்து மந்திகளைப் பிடித்துக் குட்டிகளை மட்டும் விற்கும் தந்திரத்துக்கு அடைப்புப் போடுகிறது.

கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே சாவது மட்டும் நியாயமா என்று என்னை மறித்துக் கேட்பவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி பெரியது. அதற்கும் விடை நகர்ந்துகொண்டிருக்கிறது. 2015-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சிகள் மீதான ஊடுருவும் மருத்துவ ஆய்வுக்கு ஆதரவளிப்பதை முடித்துக்கொண்டது. இந்தியா 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்குகள் இல்லாத சோதனை முறைகளுக்கு இடம் கொடுத்தது. அந்தப் பெரிய விவாதம் முடியும்வரை காட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விலங்குச் சோதனை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும், காட்டிலிருந்து பிடிப்பது வேண்டாம் என்பதில் இன்றே ஒன்றுபட முடியும்.

காட்டிலேயே குரங்குகளை ஆராய்பவர்களுக்கும் ஒரு சொல். மயக்க ஊசி சுட்டுப் பிடித்து, இரத்தம் எடுத்து, கழுத்துப்பட்டை மாட்டி விடுவதும் பிடித்தல்தான். மரத்தின் உச்சியில் மயங்கும் குரங்கு கீழே விழுகிறது. சில வேளை எலும்பு முறிகிறது. இன்று எச்சத்திலிருந்தே மரபணுவையும் ஹார்மோனையும் படிக்கலாம். ஆனைமலையில் வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, பல்லாண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தே சேர்ந்தது. தொட வேண்டிய தேவையை மெய்ப்பித்த பிறகே தொட அனுமதி கொடுக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்காகக் காட்டுக் குரங்குகளைப் பிடிக்க இனி அனுமதி வழங்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்துக்கென வெளியிலிருந்து குரங்குகளைச் சேர்க்காத, நோயற்ற ஒரு சிறு கூட்டத்தை அரசு நிறுவனம் பேண வேண்டும். ஒவ்வொரு குரங்கின் தாய்வழியும் மரபணுவால் உறுதி செய்யப்பட்டு, அந்தப் பதிவேடு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். வழியில் இறக்கும் குரங்குகளின் எண்ணிக்கையை ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட வேண்டும். குரங்குகளைக் கையாளும் கடைநிலைப் பணியாளருக்கும் கடிக்கான மருந்தும் தொடர் மருத்துவச் சோதனையும் காப்பீடும் கிடைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் ஓர் அரசாணையும் போதும்.